பேலியோவா, கீட்டோவா என்று கேட்ட சகோதரிகளுக்கு

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் வேலை பார்க்கும் அக்காமார்களுக்கும் தங்கச்சிமார்களுக்கும் இந்தக் கடிதம்.

போன மாதம் ஆம்பூரில் ஒரு கல்யாணம். பிரியாணிப் பந்தியில் எனக்கு எதிரே உங்களில் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். ஒரே கம்பெனி, ஒரே ஸ்டிச்சிங் லைன், பக்கத்துப் பக்கத்து மிஷின். இலையில் விழுந்த சீரகச் சம்பாச் சோற்றை ஓரமாக ஒதுக்கிவிட்டு, கறித்துண்டுகளை மட்டும் பொறுக்கி, அதில் ஒட்டியிருந்த பருக்கைகளை விரலால் வழித்துப் போட்டுவிட்டுச் சாப்பிட்டார்கள். கத்தரிக்காய்த் தொக்கு வந்தது. ஒருவர் உடனே வாங்கிக்கொண்டார். மற்றவர் இடது கையால் போனைத் திறந்து, தனக்கு அது ஆகுமா என்று பார்த்த பிறகுதான் வாங்கினார்.

முதலாமவரிடம் இருந்தது பேலியோ சார்ட், அடுத்தவரிடம் கீட்டோ சார்ட். கை கழுவும் இடத்தில் இருவரும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். எது நல்லது, எதில் சீக்கிரம் எடை இறங்கும் என்று கேட்டார்கள். கல்யாண வீட்டு இரைச்சலில் நான் சொன்ன பதில் அவர்களுக்குப் போதவில்லை, எனக்கும் போதவில்லை. அதற்குப் பிறகு இதே கேள்வியை இன்னும் நாலைந்து பேர் கேட்டுவிட்டீர்கள். ஒவ்வொருவரிடமும் பாதி பாதியாகச் சொல்வதைவிட எல்லோருக்கும் சேர்த்து எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. என் அம்மா இருபத்திரண்டு வருடம் ஷூ கம்பெனியில் டேபிள் ஒர்க் பார்த்தவர். சேலையில் சொல்யூஷன் வாசனையோடு அவர் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்குவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். உணவியல் படித்து, இப்போது வேலூரில் அதே துறையில் வேலை செய்கிறேன். 2019இல் நானும் ஐந்து மாதம் பேலியோவில் இருந்தேன். ஏழு கிலோ இறங்கியது. அடுத்த ஒரு வருடத்தில் அதில் ஐந்து கிலோ திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது. இறங்கியபோது வந்த சந்தோஷமும் ஏறியபோது வந்த மனக்கஷ்டமும் எனக்குத் தெரியும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

முதலில், இந்த இரண்டும் எங்கிருந்து வந்தவை என்று பார்த்துவிடுவோம். 1863இல் லண்டனில் வில்லியம் பான்டிங் என்று ஒருவர் இருந்தார். இறுதிச் சடங்கு ஏற்பாடுகள் செய்து தருவது அவருடைய தொழில். உடம்பு பருத்து, குனிந்து ஷூ லேஸ் கட்டக்கூட முடியாமல் போன நிலையில், ஒரு டாக்டர் சொன்னபடி ரொட்டி, உருளைக்கிழங்கு, சர்க்கரை, பீர் ஆகியவற்றை விட்டுவிட்டு இறைச்சியும் மீனும் காய்கறியும் சாப்பிட்டார். ஒரு வருடத்தில் இருபது கிலோ அளவுக்கு இறங்கியது. அந்த அனுபவத்தை ஊர் மக்களுக்கு ஒரு திறந்த மடலாக எழுதி அச்சடித்துக் கொடுத்தார். மாவுச்சத்தைக் குறைத்து எடையைக் குறைக்கும் முறை மக்களிடையே பரவியது அந்த மடலிலிருந்துதான்.

கீட்டோவின் பிறப்பு வேறு. 1921இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் ரஸ்ஸல் வைல்டர் என்ற டாக்டர், வலிப்பு நோய்க்காக அதை முன்வைத்தார். மாவுச்சத்தை அநேகமாக நிறுத்திக் கொழுப்பை மட்டும் எரிபொருளாகக் கொடுத்தால், ஈரல் அதைக் கீட்டோன் என்ற பொருளாக மாற்றுகிறது. மூளை அதை வைத்து ஓடும்போது பல குழந்தைகளுக்கு வலிப்பு குறைகிறது. இன்றும் சில வகை வலிப்புக்கு டாக்டர் மேற்பார்வையில் இதைத் தருகிறார்கள். எடை குறைப்புக்கு இது வந்தது வெகு காலம் கழித்து. பேலியோ என்பது கற்கால மனிதனின் சாப்பாடு என்ற எண்ணத்தில் உருவானது. ஈட்டன், கானர் என்ற இருவர் 1985இல் ஒரு மருத்துவ இதழில் அதைப் பற்றி எழுதினார்கள். 2002இல் லோரன் கார்டெயின் எழுதிய புத்தகம் அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. தமிழில் அதைப் பரப்பியவர் நியாண்டர் செல்வன். அவருடைய ‘பேலியோ டயட்’ நூலும் ‘ஆரோக்கியம் & நல்வாழ்வு’ முகநூல் குழுவும் இல்லாவிட்டால் ஆம்பூர்ப் பந்தியில் அந்தச் சொல்லைக் கேட்டிருக்க மாட்டோம்.

கார்டெயின் சொன்ன பேலியோவில் பால், தயிர், வெண்ணெய் கிடையாது. பழம் உண்டு. தமிழ்நாட்டுக்கு வந்த பேலியோவில் பனீரும் வெண்ணெயும் நெய்யும் உள்ளே வந்துவிட்டன, எடை குறைப்புக்கான சார்ட்டிலிருந்து பெரும்பாலான பழங்கள் வெளியே போய்விட்டன. காலையில் நூறு பாதாம், மதியம் காய்கறி, இரவில் முட்டையோ கறியோ பனீரோ, ஒரு நாளைக்கு மொத்த மாவுச்சத்து நாற்பது, ஐம்பது கிராமுக்குள். கீட்டோவில் அது இருபதிலிருந்து ஐம்பது கிராம். ஒரு தட்டுச் சோறு, அதாவது நாம் வழக்கமாகப் போட்டுக்கொள்ளும் முந்நூற்றைம்பது கிராம் சோற்றில், நூறு கிராம் அளவுக்கு மாவுச்சத்து இருக்கிறது. ஆக, இரண்டு சார்ட்டிலும் சோறு இல்லை, இட்லி இல்லை, சப்பாத்தி இல்லை, களி இல்லை, பருப்பு இல்லை, சர்க்கரை இல்லை. வித்தியாசம் எங்கே இருக்கிறது? பேலியோ, சமைத்த சாப்பாடாக இருக்க வேண்டும், பாக்கெட்டில் வந்தது கூடாது என்கிறது. கீட்டோ, மாவுச்சத்து எண்ணிக்கை சரியாக இருந்தால் போதும், பாக்கெட் சீஸ், மயோனைஸ், சர்க்கரைக்கு மாற்றாக வரும் இனிப்புப் பொடி எல்லாம் ஆகும் என்கிறது. கொழுப்பின் பங்கும் கீட்டோவில் இன்னும் கூடுதல். இவ்வளவுதான். ஒரு தாய் வயிற்று அக்கா தங்கை போன்ற இந்த இரண்டுக்கும் நடுவே எது உயர்ந்தது என்று நீங்கள் லஞ்ச் நேரத்தில் சண்டை போட்டுக்கொள்வதில் பயனில்லை.

இரண்டு பேருக்கும் முதல் வாரத்தில் இரண்டு மூன்று கிலோ இறங்கியதாகச் சொன்னீர்கள். இறங்கும், அது உண்மை. ஆனால் அது என்ன எடை என்று தெரிந்துகொள்ள வேண்டும். நாம் சாப்பிடும் மாவுச்சத்தில் ஒரு பங்கை ஈரலும் தசையும் கிளைக்கோஜன் என்ற சேமிப்பாக வைத்துக்கொள்கின்றன. ஒரு கிராம் கிளைக்கோஜனோடு சுமார் மூன்று கிராம் தண்ணீர் ஒட்டிக்கொண்டிருக்கும். சோற்றை நிறுத்தியதும் அந்தச் சேமிப்பு கரைகிறது, தண்ணீர் சிறுநீராக வெளியே போகிறது. எடைமெஷினில் முள் இறங்குகிறது. கொழுப்பு கரைய ஆரம்பிப்பது அதற்குப் பிறகுதான், அது மெதுவாகத்தான் நடக்கும். நாலாவது வாரத்தில் முள் நகரவில்லை என்று நீங்கள் அழுகிறபோது, உண்மையில் உடம்பு நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருக்கலாம். அதேபோல் ஒரு கல்யாணத்தில் சோறு சாப்பிட்ட மறுநாள் ஒன்றரைக் கிலோ ஏறுவதும் தண்ணீர்தான். அந்த ஒரு நாளில் எல்லாம் போச்சு என்று விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். நானும் அப்படித்தான் விட்டேன்.

இந்த மாதிரித் திட்டங்களை எதிரெதிரே வைத்துப் பார்த்த ஆராய்ச்சிகள் இருக்கின்றன. 2005இல் பாஸ்டனில் 160 பேரை நான்கு குழுக்களாகப் பிரித்து, நான்கு பிரபலமான திட்டங்களைக் கொடுத்தார்கள். ஒன்று மாவுச்சத்தை அறவே குறைப்பது, இன்னொன்று கொழுப்பை அறவே குறைப்பது, மற்ற இரண்டும் இடைப்பட்டவை. ஒரு வருடம் கழித்து எல்லாக் குழுக்களிலும் சராசரியாக 2 முதல் 3 கிலோதான் இறங்கியிருந்தது. கடுமையான இரண்டு திட்டங்களில் சேர்ந்தவர்களில் பாதிப் பேர்தான் வருடக் கடைசி வரை இருந்தார்கள். யாருக்கு நிறைய இறங்கியது என்று பார்த்தால், எந்தத் திட்டம் என்பது அதைத் தீர்மானிக்கவில்லை. எவ்வளவு தூரம் விடாமல் கடைப்பிடித்தார் என்பதுதான் தீர்மானித்தது. 2009இல் 811 பேரை வைத்து இரண்டு வருடம் பார்த்ததிலும் அப்படித்தான் வந்தது. 2018இல் ஸ்டான்ஃபோர்டில் 609 பேரை வைத்துப் பார்த்தார்கள். கொழுப்பைக் குறைத்தவர்களுக்கு 5.3 கிலோ, மாவுச்சத்தைக் குறைத்தவர்களுக்கு 6 கிலோ. இந்த வித்தியாசம் ஒரு பொருட்டல்ல என்று ஆய்வாளர்களே எழுதிவிட்டார்கள். எதிரும் புதிருமான திட்டங்களுக்கே இப்படி என்றால், அக்கா தங்கைத் திட்டங்களுக்கு என்ன வித்தியாசம் வந்துவிடப் போகிறது?

அப்படியானால் உங்கள் கேள்வியை வேறு மாதிரி கேட்க வேண்டும். காலை நாலரைக்கு எழுந்து, பிள்ளைகளுக்கும் வீட்டுக்காரருக்கும் மாமியாருக்கும் சமைத்து, டிபன் கேரியர் கட்டி, ஏழு மணிக் கம்பெனி பஸ்ஸைப் பிடித்து, டார்கெட் முடித்து, இருட்டிய பிறகு வீடு வருகிற பெண்ணால் எதைப் பத்து வருடம் செய்ய முடியும்? இந்தக் கண்ணால் அந்த இரண்டு சார்ட்டையும் பாருங்கள்.

நூறு பாதாம் நூறு கிராமுக்கு மேல் எடை வரும். பாதாம் கிலோ எண்ணூறு, தொள்ளாயிரம் விற்கிறது. தினம் தொண்ணூறு, நூறு ரூபாய் காலைச் சாப்பாட்டுக்கே போய்விடும், மாதம் மூவாயிரத்தைத் தொடும். கையில் பத்துப் பன்னிரண்டாயிரம் வாங்குகிற நீங்கள் அதை எத்தனை மாதம் வாங்குவீர்கள்? பந்தியில் பார்த்த பேலியோ சகோதரி, இரண்டாவது மாதத்திலிருந்து நூறு பாதாமை முப்பதாக்கி, பசி தாங்காமல் நாலு மணிக்கு பன் சாப்பிடுவதாகச் சொன்னார். அது அவருடைய மன உறுதிக் குறைவு என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். இல்லை அக்கா, அது கணக்கு உதைக்கிறது.

இன்னொரு பக்கம் பாருங்கள். ரேஷன் கடையில் ஒரு கிலோ துவரம் பருப்பை முப்பது ரூபாய்க்குக் கொடுக்கிறார்கள். நம் வட்டாரத்து மானாவாரிக் கொல்லைகளில் விளைவது வேர்க்கடலை. பாதாமைவிட வேர்க்கடலையில் புரதம் கூடுதல், கொழுப்பு குறைவு, விலை ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. அது பயறு இனம் என்பதற்காகப் பேலியோ அதை விலக்குகிறது, மாவுச்சத்துக் கணக்குக்காகக் கீட்டோ பயப்படுகிறது. கலிஃபோர்னியாவில் விளையும் பாதாமைத் தின்று ஆற்காட்டு மண்ணில் விளையும் கடலையை ஒதுக்கச் சொல்லும் சார்ட்டை எழுதியவருக்கு உங்கள் அடுப்பங்கரை தெரியாது. கற்கால மனிதன் பருப்பு சாப்பிட்டானா இல்லையா என்பதைவிட, உங்கள் வீட்டுக் குழந்தைக்கும் உங்களுக்கும் ஒரே சட்டியில் வேகக்கூடியது எது என்பது எனக்கு முக்கியம்.

புரதம் என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். மாட்டுக்கறி சாப்பிடுகிற வீடுகள் நம் ஊரில் நிறைய. சார்ட்டுகளில் சிக்கன், மட்டன், மீன் என்று இருக்கும், மாட்டுக்கறி பேர்கூட இருக்காது. அதனால் உங்களில் சிலர் அதைச் சாப்பிட்டதை என்னிடம் சொல்லத் தயங்குகிறீர்கள். தயங்க வேண்டாம். கொழுப்பு எடுத்த மாட்டுக்கறியில் நல்ல புரதமும் இரும்புச்சத்தும் இருக்கிறது, மட்டன் விலையில் பாதிக்கும் குறைவு. வாரம் ஒன்றிரண்டு நாள், எண்ணெய் குறைத்துச் செய்தால், உங்களுக்கு அது நல்ல சாப்பாடு.

இரும்புச்சத்தை ஏன் இழுக்கிறேன் என்றால், 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடையோடு இருந்தார்கள், 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. பருமனான உடம்பும் வெளுத்த நகமும் ஒரே பெண்ணிடம் இருக்கலாம். அவரிடம் சாப்பாட்டைக் குறை என்று மட்டும் சொன்னால் எடையோடு சேர்த்துத் தெம்பும் போய்விடும். முருங்கைக்கீரை, தொய்யக்கீரை, ஈரல், முட்டை என்று சேர்த்துக்கொண்டுதான் மற்றதைக் குறைக்க வேண்டும்.

எடை ஏன் குறைய வேண்டும் என்பதற்கு அழகைத் தாண்டிய காரணம் நம் வேலூர் மண்ணிலேயே பதிவாகியிருக்கிறது. 1969 முதல் 1973 வரை வேலூர் நகரத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் பிறந்தவர்களைச் சி.எம்.சி. ஆய்வாளர்கள் வளர்ந்த பிறகும் தேடிப் பிடித்துப் பரிசோதித்தார்கள். இருபத்தாறிலிருந்து முப்பத்திரண்டு வயதுக்குள் இருந்தவர்கள் அவர்கள். அந்தச் சின்ன வயதிலேயே ரத்தச் சர்க்கரைக் கோளாறு அதிகமாக இருந்தது. 2023இல் வெளிவந்த நாடு தழுவிய ஆய்வு, தமிழ்நாட்டில் வயதுவந்தவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் என்கிறது. உங்கள் லைனில் எத்தனை மிஷின் என்று எண்ணி, ஏழில் ஒன்று என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கேதான் எனக்குப் பயம். முகநூல் குழுவில் ஆரம்பத்தில் ரத்தப் பரிசோதனை அறிக்கை இல்லாமல் சார்ட் தரமாட்டார்கள். அது நல்ல வழக்கம். ஆனால் உங்கள் கைக்கு வந்திருப்பது, யாருக்கோ எழுதிக் கொடுத்த சார்ட் வாட்ஸ்அப்பில் கைமாறிக் கைமாறி வந்தது. கிளிமிபிரைடு மாதிரிச் சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு, திடீரென்று சோற்றை நிறுத்தினால் சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கிவிடும். ஸ்கைவிங் மிஷின் பிளேடுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போது கண் இருட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்று ‘கிளிஃப்ளோசின்’ என முடிகிற மாத்திரைகள் சாப்பிடுகிறவர்கள் கீட்டோ இருந்தால், ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறி உயிருக்கே ஆபத்து வரலாம். பரிசோதனையில் சர்க்கரை சாதாரணமாகக் காட்டிக்கொண்டிருக்கும்போதே அது நடக்கும். பி.பி. மாத்திரை, சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம், தாய்ப்பால் கொடுக்கும் காலம், இவற்றில் எது இருந்தாலும் அந்த இரண்டு சார்ட்டையும் மூடி வையுங்கள்.

நான் பயப்படுவதற்குத் தண்ணீரும் ஒரு காரணம். என் அம்மா வேலை பார்த்த இடத்தில், பாத்ரூமுக்கு எழுந்தால் பீஸ் குறையும், சூப்பர்வைசர் முகம் மாறும் என்று காலையிலிருந்து மதியம் வரை பெண்கள் வாயை நனைக்க மாட்டார்கள். இப்போதும் உங்களில் பலர் அப்படி இருக்கிறீர்கள் என்பதைப் பாட்டிலைப் பார்த்தாலே தெரிகிறது. கொண்டுபோன தண்ணீர் அப்படியே திரும்பி வருகிறது. மாவுச்சத்தை அறவே விட்ட உடம்பு தண்ணீரையும் உப்பையும் வேகமாக இழக்கும். தண்ணீர் குடிக்காமல் கீட்டோ இருந்தால் தலைவலி, கால் குரக்களி, மலச்சிக்கல், சிறுநீர்க் கல் என்று ஒவ்வொன்றாக வரும்.

சரி, சோற்றை என்ன செய்வது? 2022இல் சென்னை மெட்ராஸ் டயபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் ஆய்வாளர்கள், நாடு முழுக்க 18,090 பேர் சாப்பிடும் சாப்பாட்டை எடுத்துக் கணக்குப் போட்டார்கள். நம் ஆட்களுக்கு மொத்தக் கலோரியில் அறுபது, எழுபது சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. அதை ஐம்பது, ஐம்பத்தைந்து அளவுக்குக் கொண்டுவந்து, புரதத்தை இருபதுக்கு ஏற்றினால், புதிதாகச் சர்க்கரை நோய் வருவதைத் தடுக்கவும் வந்ததைக் கட்டுக்குள் கொண்டுவரவும் முடியும் என்று கணித்தார்கள். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட வழிகாட்டியும் ஏறக்குறைய அதே திசையில்தான் போகிறது. ஒரு நாளைக்கு அரிசி, ராகி, கோதுமை எல்லாம் சேர்த்துப் பச்சையாக 250 கிராம், காய்கறியும் கீரையும் 400 கிராம், பருப்போ முட்டையோ கறியோ 85 கிராம், கடலை வகை 35 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி. சோற்றை ஒழிக்கச் சொல்லவில்லை, சோற்றின் இடத்தைச் சுருக்கச் சொல்கிறார்கள். இது எடை சரியாக இருப்பவர்களுக்கான 2000 கலோரிக் கணக்கு. எடை குறைய வேண்டும் என்றால் அந்த 250 கிராம் தானியத்தை 150, 175 என்று நீங்கள் இறக்கிக்கொள்ளலாம், மற்றதில் கை வைக்க வேண்டாம்.

களி பற்றியும் ஒரு வார்த்தை. சோற்றை விட்டுவிட்டேன், இரண்டு வேளையும் களிதான், ஆனாலும் இறங்கவில்லை என்று ஒரு பேர்ணாம்பட்டு அக்கா வருத்தப்பட்டார். நூறு கிராம் அரிசியில் 356 கலோரி, நூறு கிராம் கேழ்வரகில் 321. பெரிய வித்தியாசம் கிடையாது. நார்ச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் கேழ்வரகில் பல மடங்கு உண்டு, அதற்காகவே அது நம் வீட்டில் இருக்க வேண்டும். ஆனால் உருண்டை தேங்காய் அளவு இருந்தால் எடை இறங்காது. உருண்டையை எலுமிச்சை இரண்டு சேர்ந்த அளவுக்குக் கொண்டுவாருங்கள், கருவாட்டுக் குழம்பில் இருக்கும் கத்தரிக்காயையும் மொச்சையையும் இரண்டு பங்காக்குங்கள். இலவம்பாடி முள் கத்தரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் ஊர்க் காய் அது, எந்த சார்ட்டிலும் அதற்குத் தடை இல்லை.

இன்னும் ஒன்று, டீ. காலையில் வீட்டில் ஒன்று, கம்பெனியில் இரண்டு, திரும்பி வந்ததும் ஒன்று. டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் ஒரு நாளைக்கு நாற்பது கிராம் ஆகிறது, மாதம் ஒன்றே கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு கிலோச் சர்க்கரைப் பொட்டலத்தை எடுத்து, இதை நான் ஒரு மாதத்தில் தனியாகத் தின்கிறேன் என்று ஒரு தடவை கையில் பிடித்துப் பாருங்கள். கம்பெனி கேன்டீன் டீயில் சர்க்கரையைக் கலந்தே கொண்டுவருகிறார்கள். நாலு பேர் சேர்ந்து கேட்டால் சர்க்கரையைத் தனியாக வைப்பார்கள். வாணியம்பாடிப் பக்கம் ஒரு லைனில் பெண்கள் சேர்ந்து கேட்டு வாங்கியிருக்கிறார்கள். அதற்குப் பைசா செலவில்லை.

நீங்கள் கேட்ட கேள்விக்கு நேராகவும் பதில் சொல்லிவிடுகிறேன். இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்று யாராவது என்னைக் கட்டாயப்படுத்தினால், பேலியோவை எடுப்பேன். அது அடுப்பில் சமைத்த சாப்பாட்டைச் சொல்கிறது, காய்கறியைத் தட்டில் பெரிதாக்குகிறது, பாக்கெட் பொருளை வெளியே தள்ளுகிறது. ஆனால் அதில் துவரம் பருப்பையும் வேர்க்கடலையையும் திரும்பக் கொண்டுவருவேன், பாதாமை எடுத்துவிடுவேன், மதியம் ஒரு கரண்டிச் சோறு வைப்பேன், தயிர் சேர்ப்பேன், ஒரு கொய்யாப்பழம் வைப்பேன். அப்படிச் செய்த பிறகு அதற்குப் பேலியோ என்ற பெயர் பொருந்தாது. பெயர் போனால் போகட்டும். உங்கள் அம்மா கொல்லையில் களை எடுத்துவிட்டு வந்து சாப்பிட்டதற்கு அது கொஞ்சம் பக்கத்தில் வரும்.

காலையில் இரண்டு முட்டையும் ஒரு கை வேகவைத்த கடலையும், இட்லி என்றால் இரண்டோடு நிறுத்தி நிறையச் சாம்பார். மதியக் கேரியரில் பொரியலும் கூட்டும் பெரிய டப்பாவில், சோறு சின்ன டப்பாவில். இப்போது தலைகீழாக இருக்கிறது. இரவில் பருப்புக் கடைசலோ மீனோ கறியோ, களி ஒரு சின்ன உருண்டை. கல்யாணத்துக்குப் போனால் பிரியாணியை ஒரு தட்டு, இரண்டாவது தடவை வாங்காமல், பருக்கை ஒதுக்காமல், நிம்மதியாகச் சாப்பிடுங்கள். அந்த சீரகச் சம்பாவை விரலால் வழித்துப் போட்டதைப் பார்த்தபோது எனக்கு மனது கஷ்டமாக இருந்தது. பகையாகப் பார்க்கிற சாப்பாட்டை மனிதரால் நீண்ட காலம் விலக்கி வைக்க முடியாது.

நடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை நோய்க்கு முந்திய நிலையில் இருந்த 531 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2006இல் வெளிவந்தது. ஒரு குழுவுக்குச் சாப்பாட்டில் சர்க்கரையையும் தீட்டிய தானியத்தையும் எண்ணெயையும் குறைக்கச் சொல்லி, தினம் அரை மணி நேரம் நடக்கச் சொன்னார்கள். மூன்று வருடத்தில் அவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. அவர்களுக்கு எடை பெரிதாக இறங்கவே இல்லை என்பதுதான் என்னை ஒவ்வொரு தடவையும் நிறுத்தி யோசிக்க வைக்கிறது. முள் நகராத மாதங்களிலும் உள்ளே நல்லது நடந்துகொண்டிருந்திருக்கிறது. எட்டு மணி நேரம் மிஷினில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு, உங்கள் பஸ் நிறுத்தத்துக்கு முந்திய நிறுத்தத்தில் இறங்கி நடப்பதே ஆரம்பமாக இருக்கட்டும்.

ஆகவே எடைமெஷினைக் கொஞ்ச நாள் மறந்துவிட்டு, உங்கள் கைக்குப் பழகிய நூலை எடுத்துக்கொள்ளுங்கள். சுவரில் சாய்ந்து நின்று, உச்சந்தலையிலிருந்து குதிகால் வரை உங்கள் உயரத்துக்கு நூலை அளந்து வெட்டுங்கள். அதைச் சரிபாதியாக மடியுங்கள். மடித்த நூலைத் தொப்புளை ஒட்டி இடுப்பைச் சுற்றிப் பிடியுங்கள். இரண்டு முனையும் தொட்டால் நல்லது. தொடவில்லை என்றால், இடைவெளி எத்தனை விரற்கடை என்று பாருங்கள். பெண்களுக்கு இடுப்பு 80 செ.மீ. தாண்டக் கூடாது என்று இந்தியர்களுக்கு வகுத்த அளவு சொல்கிறது; டேப் வைத்திருக்கிற கட்டிங் செக்ஷன்காரர்கள் அதையும் பார்த்துக்கொள்ளலாம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அளந்து, தேதி போட்டு, காலண்டரின் பின்பக்கம் எழுதி வையுங்கள். நூலைப் பத்திரமாக வையுங்கள். மூன்று மாதம் கழித்து அதே நூலால் அளந்துவிட்டு எனக்குச் சொல்லுங்கள். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மட்டும் ஒரு சாப்பாட்டு மாற்றமும் செய்வதற்கு முன்னால் இ.எஸ்.ஐ. டாக்டரைப் பாருங்கள். மாதா மாதம் உங்கள் சம்பளத்தில் முக்கால் சதவீதம் அதற்காகத்தான் பிடிக்கிறார்கள்.

அன்புடன்,
டேபிள் ஒர்க் அக்காவின் மகள்,
வேலூர்